கைகழுவியின் மகன்

டிரைவிங் மாஸ்டருக்கு ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள அந்தத் தெருவில் ஓர் ஆள் கிடையாது. முயன்று பார்த்தவர்கள் உண்டு. கல்லாவை நோக்கி ஓடியவர்கள், பர்ஸை மடியிலேயே திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டவர்கள், அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டே எழுந்தவர்கள் எல்லோரும் தோற்றுத்தான் போனார்கள். உள்ளே நுழையும்போதே கல்லாக்காரரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து வைத்துவிடுவார். அது முடியாத இடமென்றால் பாதிச் சாப்பாட்டில் "இதோ, ஒரு போன்" என்று எழுந்து போவார். போனே வந்திருக்காது. யாராவது கோபித்துக்கொண்டால், "சரி, அடுத்த தடவை நீங்கதான்" என்பார். அந்த அடுத்த தடவை வந்ததே இல்லை.

"மாஸ்டருக்கு மனசு பெரிசு" என்று ஊர் சொல்லியது. மனசு பெரிசெல்லாம் இல்லை, அது பயம் என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவிக்கும் தெரியும். வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை.

மாஸ்டருடைய அப்பா வீட்டுத் தரகர். வாடகைக்கு வீடு தேடுகிறவர்களை அழைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பார். வீடு அமைந்தால் கமிஷன், அமையாவிட்டால் வெறும் நடை. பெரும்பாலும் நடைதான். ஆனால் பேச்சில் மன்னன். எந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள், ஏன் காலி செய்தார்கள், போகும்போது ஜன்னல் கொக்கியைக்கூட விடாமல் யார் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் ஹோட்டலில் எந்த மேஜையிலும் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிடும். சாப்பாடும் கிடைத்துவிடும். பில் வருகிற நேரத்துக்கு மட்டும் அவர் அங்கே இருக்க மாட்டார். கை கழுவப் போயிருப்பார். சோப்பு போட்டு, விரல் விரலாகத் தேய்த்து, முகத்தையும் கழுவி, கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டு அவர் திரும்புவதற்குள் யாரோ பணம் கொடுத்திருப்பார்கள்.

"அடடே, குடுத்துட்டீங்களா? நான் குடுக்கலாம்னு இருந்தேனே!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஊர் அவருக்குக் கைகழுவி என்று பெயர் வைத்தது.

மாஸ்டர் பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் ஒரு நாள் அப்பாவோடு ஹோட்டலுக்குப் போயிருந்தார். அப்பா யாரோ இரண்டு பேரோடு பேசிச் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த சர்வர் இன்னொரு சர்வரிடம், "கைகழுவி வந்திருக்காரு. இன்னைக்கு யார் தலையில?" என்றான்.

"அது தெரியல. ஆனா இன்னைக்கு ரெண்டு ஜோடிக் கை" என்றான் மற்றவன், பையனைப் பார்த்துக்கொண்டே.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்பா வழக்கம்போல எழுந்து, "வாடா, கை கழுவிட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். பையன் எழுந்திருக்கவில்லை. எச்சில் கையோடு, காய்ந்து போகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும், "சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். வயிறு கூப்பாடு போடும். முகம் சிரித்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் தின்பண்டத்தை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அப்படியும் கைகழுவி மகன் என்ற பெயர் போகவில்லை. அப்பா இறந்த அன்று வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் பேசினார்கள். "எங்க மேஜையில எத்தனை நாள் சாப்பிட்டிருப்பாரு மனுஷன்!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் உண்மையாகவே அழுதாரோ என்னவோ. மகன் காதில் அது பில் வாசிப்பது மாதிரித்தான் விழுந்தது.

பிற்பாடு அவர் டாக்ஸி ஓட்டினார், பள்ளி வேன் ஓட்டினார், கடைசியில் ஒரு பழைய காரை வாங்கி டிரைவிங் ஸ்கூல் தொடங்கினார். ஒரே ஓர் அறை. சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சடித்த பலகை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, கியர் போடுவதைக் காட்டுவதற்கு ஒரு மரத்தண்டு. காரில் அவர் உட்காரும் இடதுபக்க சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளச். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் இந்தப் பக்கமிருந்து மிதித்துக்கொள்ளலாம். மாஸ்டர் யாரையும் திட்ட மாட்டார். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டாலும், "அவன் கிடக்கான். நீங்க கிளச்சை மெதுவா விடுங்க. ரோடு எங்கயும் எழுந்து போயிடாது" என்பார். பயந்தாங்கொள்ளிகளெல்லாம் அவரைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம்.

பக்கத்துக் கடை டயர்க்காரருடையது. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே காற்றடிக்கும் மோட்டாரைப் போட்டால் இங்கே சாலைக் குறியீட்டுப் பலகை நடுங்கும். டயர்க்காரர் மாஸ்டரைவிடக் கொஞ்சம் இளையவர். மனைவி இறந்துபோன பிறகு ஒரே மகளைத் தனியாக வளர்த்தவர். மத்தியானம் ஆனால் மரத்தூளும் சோப்புத்தூளும் கலந்து கையைத் தேய்தேய் என்று தேய்ப்பார். கறுப்பு போகாது. போகாது என்று தெரிந்தேதான் தேய்ப்பார். பிறகு இருவரும் எதிர்ச்சாரியில் இருக்கும் ஹோட்டலுக்குப் போவார்கள். டயர்க்காரர் அவரை மாஸ்டர் என்பார். மாஸ்டர் அவரை டயரு என்பார்.

தொடக்கத்தில் டயர்க்காரரும் சண்டை போட்டவர்தான். ஒரு முறை கல்லா முன்னால் வைத்தே கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு. சிநேகிதன் குடுக்குறேன்னு சொன்னா ஒரு தடவை வேணாம்னு சொல்லலாம். அது மரியாதை. ரெண்டாவது தடவையும் சொன்னா அது பிடிவாதம். மூணாவது தடவையும் சொன்னீங்கன்னா, எதிர்ல நிக்கிறவனை ஆளா மதிக்கலைன்னு அர்த்தம்."

"அட போய்யா. உன்னை மதிக்காம யாரை மதிக்கப் போறேன்?" என்று மாஸ்டர் மீதிச் சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

வேறு வழியில் ஈடுகட்டலாம் என்று டயர்க்காரர் நினைத்தார். மாஸ்டர் காருக்குப் பஞ்சர் ஒட்டினால் காசு வேண்டாம் என்பார். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். பிறகு பார்த்தால் ஸ்பேனர் பெட்டிக்குள் பணம் இருக்கும். "ஒரு பஞ்சர் சும்மா ஒட்டித் தர்றதுக்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லையா மாஸ்டர்?" என்று டயர்க்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். மாஸ்டரும் சிரித்தார். டயர்க்காரர் சிரிப்புக்குள் இருந்த வருத்தம் அவருக்குப் பிடிபடவில்லை.

மகள் படிப்பை முடித்ததும், கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அழைத்து வந்தார். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்டருக்குப் பிள்ளைகள் இல்லை. பாப்பாவைத் தவழ்கிற வயதிலிருந்து பார்த்தவர். "ஃபீஸ் பேச்சை எடுத்தா உள்ளேயே வராதே" என்று சொல்லிவிட்டார். டயர்க்காரர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "சரி மாஸ்டர். உங்க கையால கத்துக்கட்டும். அவளுக்கு அது அதிர்ஷ்டம்" என்றார். கொடுத்ததை வாங்கிக்கொள்வது அவருக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

பாப்பா சீக்கிரம் கற்றுக்கொண்டாள். ரவுண்டானாவில் பெரிய வண்டிகளுக்கு நடுவே காரை நுழைக்கும்போது மட்டும் முகம் வெளுத்துப்போகும். ஒரு நாள் திடீரென்று கேட்டாள்.

"மாமா, நீங்க அந்தப் பக்கம் பிரேக்கை மிதிக்கிறீங்களா?"

"இல்லையேம்மா."

"மிதிக்கிறீங்க. எனக்குத் தெரியுது. நான் ஓட்டுறப்போ நீங்க ஓட்டாதீங்க மாமா."

மாஸ்டர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ரவுண்டானாவைச் சுற்றி முடிக்கும்வரை அவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

பெரிய மருத்துவமனையில், ரத்தம் பரிசோதிக்கும் லேபில் பாப்பாவுக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கிய கையோடு நேராக டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தாள்.

"மாமா, இந்த ஞாயித்துக்கிழமை நீங்க, அத்தை, அப்பா மூணு பேரையும் நான் சாப்பிடக் கூட்டிட்டுப் போறேன். பெரிய ஹோட்டல். நான்தான் குடுப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

"பெரிய மனுஷி ஆயிட்டியே!" என்று மாஸ்டர் சிரித்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

வெள்ளைத் துணி விரித்த மேஜைகள். தண்ணீர் ஊற்றுவதற்கே தனியாக ஓர் ஆள். டயர்க்காரர் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். நகத்தில் இருந்த கறுப்பு அந்த வெள்ளைத் துணியில் எடுப்பாகத் தெரிந்ததால் கையை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தார். ஆனால் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பாப்பா மெனு அட்டையைக் கையில் வாங்கி, விலையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். சூப் வந்தது, மீன் வந்தது. லேபில் ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்த போலீஸ்காரரைப் பற்றிச் சொன்னாள். மாஸ்டரின் மனைவி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

"இன்னும் ஏதாவது சொல்லுங்க மாமா. கூச்சப்படாதீங்க" என்றாள் பாப்பா.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த நேரம் பார்த்து சர்வர் மாஸ்டரின் தோளருகே வந்து, குறிப்புத்தாளும் பேனாவுமாகக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவன் பார்வையில் ஒன்றுமே இல்லை. என்ன வேண்டும் என்று கேட்கிற பார்வைதான். மாஸ்டருக்குக் கழுத்து சுட்டது. நாக்கில் இருந்த மீன் மண்ணாகிப் போனது.

"போதும்மா. கை கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்தார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். அவர் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது. இனிப்பு வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாம் முடிந்த பிறகு பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, புதுப் பையிலிருந்து சம்பளக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பில் கொண்டு வாங்க" என்றாள். அதைச் சொல்வதற்கு வீட்டில் பழகிப் பார்த்திருப்பாள் போலிருந்தது.

"சார் அப்பவே குடுத்துட்டாரு மேடம்."

"எந்த சார்?"

சர்வர் கையால் காட்டினான். பாப்பா மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு கவரைப் பைக்குள் வைக்கப் போனாள். ஜிப் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

"தேங்க்ஸ் மாமா" என்றாள்.

டயர்க்காரர் மேஜைக்கு அடியிலிருந்து கையை எடுத்து, முதல் தடவையாக அந்த வெள்ளைத் துணியின் மேல் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பெண்கள் இருவரையும் முன்னால் போகவிட்டு டயர்க்காரர் நின்றார்.

"மாஸ்டர், இத்தனை வருஷமா என் கையைத் தட்டி விட்டீங்க. நான் சிரிச்சுக்கிட்டேன். எனக்குப் பழகிப் போச்சு. இன்னைக்கு என் பொண்ணு கையைத் தட்டி விட்டுட்டீங்க."

"யோவ், சின்னப் பொண்ணுய்யா. முதல் சம்பளம். அவளுக்கு மிச்சமாகட்டுமேன்னுதான்..."

"மிச்சம் பிடிக்கவா அவ நம்மளைக் கூட்டிட்டு வந்தா?"

மாஸ்டர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

"ஒரு வாரமா எங்க வீட்டுல வேற பேச்சே இல்ல. மாமாவுக்கு என்ன பிடிக்கும், மாமா மீன் சாப்பிடுவாரா, முள் இல்லாம கிடைக்குமான்னு. நீங்க சாப்பிட்டீங்களே தவிர, அவ குடுத்ததை வாங்கல." டயர்க்காரர் குரலை உயர்த்தவே இல்லை. "நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாளிலிருந்து டயர்க்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. வீட்டிலிருந்தே டிபன் பாக்ஸ் கொண்டு வந்து, அடுக்கி வைத்த டயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். சண்டை என்று எதுவும் இல்லை. எதிர்ப்பட்டால் தலையை அசைப்பார். அதுதான் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். தலையசைப்புக்கு என்ன செய்வது? ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து, தனக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வருவார். "என்ன மாஸ்டர், ஜோடி எங்கே?" என்று கல்லாக்காரர் கேட்பார். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும்போதெல்லாம் பலகை நடுங்கும். மாஸ்டர் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்தச் சத்தம் ஓயும்வரை சும்மா இருப்பார்.

ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் புலம்பினார்.

"நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? ஒருத்தன் காசுல சாப்பிட்டாத்தானே தப்பு? ஊர்ல எவனையாவது கேளு, என்னை ஓசின்னு ஒருத்தன் சொல்லட்டும்."

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள் மனைவி. ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, "ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"உங்க அப்பா யாருக்கும் குடுக்கல. நீங்க யாரையும் குடுக்க விடல. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. அன்னைக்கு நீங்க எழுந்து போறப்போ என்ன சொல்லிட்டுப் போனீங்க, ஞாபகம் இருக்கா?"

மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. முகம் கறுத்துப்போனது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

சில நாள் கழித்து டயர் கடைக்குப் போனார். டயர்க்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"டயரு, நான் பண்ணது தப்புதான்யா."

"என்கிட்ட எதுக்கு மாஸ்டர்?" டயர்க்காரர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு நீங்க புதுசா ஒண்ணும் பண்ணிடலையே."

மாஸ்டர் காரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். லேப் வாசலில், முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நிறையப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்த பாப்பா அவரைக் கண்டதும் பதறிவிட்டாள்.

"மாமா! உடம்புக்கு என்ன? அத்தை எங்கே?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு." ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்து போயிருந்தது. "பசிக்குதும்மா. ஏதாவது வாங்கித் தர்றியா?"

பெற்ற தாயைத் தவிர வேறு யாரிடமும் அவர் அதுவரை சொல்லியிராத வார்த்தை. சொன்ன பிறகு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் காலில் போட்டிருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பா கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்குச் சாப்பாட்டுக்குப் பதிலா இதுவா மாமா?"

"ஆமா."

"அது வேற. முதல் சம்பளம் ஒரு தடவைதான் வரும்." அவள் குரலில் கோபம் இல்லை. "அந்தக் கவரைக் கொஞ்ச நாள் அப்படியே வச்சிருந்தேன். அப்புறம் வாடகைக்குப் போயிடுச்சு."

"மன்னிச்சிரும்மா."

"பரவாயில்லைன்னு சொல்ல வரல மாமா. வீட்டுக்குப் போய் அழுதேன். அப்பா முன்னாடி நான் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு." கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "வாங்க. பசின்னு சொல்லிட்டீங்க" என்று முன்னால் நடந்தாள்.

மருத்துவமனை கேன்டீனில் முதலில் பணத்தைக் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். பாப்பா அவரை ஒரு மேஜையில் உட்கார வைத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். மாஸ்டரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எடுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டார். பக்கத்து மேஜையில் ஒரு நர்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்திருக்க, ஒரு பெண்பிள்ளை போய்ப் பணம் கட்டுகிறாளே என்று அவள் நினைப்பதாகத் தோன்றியது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மூலையில் கை கழுவும் தொட்டி இருந்தது. குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. எழுந்து அங்கே போய்விடலாம் என்று கால் பரபரத்தது. போய்க் குழாயைத் திறந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும். இந்தக் கணம் தாண்டிப் போய்விடும்.

அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. காசை மிச்சம் பிடிக்கவா அப்பா எழுந்து போனார்? காசு இருந்தால்தானே மிச்சம் பிடிக்க? பையில் ஒன்றுமில்லாதபோது, இன்னொருவர் பர்ஸைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்க முடியாமல் அல்லவா போயிருப்பார்! விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டு அந்தக் கண்ணாடி முன்னால் எத்தனை நாள் நின்றிருப்பார்! அப்படித்தானா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. ஏமாற்றுக்காரராகவும் இருந்திருக்கலாம். மாஸ்டர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பாப்பா தட்டோடு வந்தாள். ரொட்டி, முட்டை, டீ. மாஸ்டர் சாப்பிட்டார். ஒரு துணுக்கு மீதி வைக்கவில்லை.

"போதுமா மாமா?"

போதும் என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

"இன்னொரு டீ வேணும்மா" என்றார்.

பாப்பா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடியும் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். அந்த டீயைக் குடிக்கும்போதுதான், அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். சர்வர்கள் பேசிக்கொண்டது, எச்சில் கை காய்ந்தது, பட்டினியோடு வீடு வீடாகச் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னார்.

"எங்கப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லியிருந்தா எப்பவோ புரிஞ்சிருப்பாரே மாமா" என்றாள்.

அன்று மாலையே டயர் கடையில் உட்கார்ந்து சொன்னார். டயர்க்காரர் ஒரு டயரைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து கேட்டார்.

"சின்னப் பிள்ளை காதுல விழுற மாதிரியா பேசுவானுங்க?" என்றார் கடைசியில். அதற்குள் ஒரு கார் காற்றில்லாத சக்கரத்தோடு நொண்டிக்கொண்டு வந்து நின்றது. அவர் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், தேய்த்துக் கழுவிய கையோடு டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்று, "சாப்பிடப் போலாமா?" என்றார். அன்றைக்கு அவர்தான் பணம் கொடுத்தார். மாஸ்டர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அட, சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?" என்றார் கல்லாக்காரர். "உங்க வேலையைப் பாருங்க" என்று டயர்க்காரர் மீதியை வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் இவர், ஒரு நாள் அவர். மாஸ்டருக்கு அது எளிதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. டயர்க்காரர் கொடுக்கும் நாட்களில் இரண்டு வாய் குறைவாகத்தான் இறங்கும்.

பாப்பா நன்றாகத்தான் பேசினாள். பழைய கார் ஒன்று வாங்கியபோது முதலில் மாஸ்டரை உட்கார வைத்துத்தான் ஓட்டிக் காட்டினாள். வேலையில் மேலே போனபோது மறுபடியும் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். ஆனால் இந்தத் தடவை, நான்தான் குடுப்பேன் என்று வாசலிலிருந்தே சத்தம் போடவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, வேறு எதையோ பேசிவிட்டு, எழுந்திருக்கிற சமயத்தில், "மாமா, நீங்களும் வருவீங்கதானே?" என்று கேட்டாள். கேட்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டாள்.

அந்த இடைவெளி தன்னால் வந்தது என்று மாஸ்டருக்குத் தெரியும். அதைப் பேசிச் சரிசெய்துவிட முடியாது என்பதும் தெரியும்.

"வர்றேம்மா. எனக்கு அந்த மீன் வேணும்" என்றார்.

போனார். பில் வந்தது, பாப்பா பையைத் திறந்தாள், எடுத்து வைத்தாள், சர்வர் மீதியைக் கொண்டு வந்தான். எல்லாம் முடிந்து அவள் எழுந்திருக்கும்வரை மாஸ்டர் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.